காய்ந்துவிடக் கூடாத அடித்தளம்: பாஸ்டன் நகரின் பேக் பே பகுதியும் அதன் நிலத்தடி நீரும்

வேலிக்கு நட்ட கம்பம் எந்த இடத்தில் முதலில் இற்றுப்போகிறது என்று கவனித்தவர்களுக்கு இந்தக் கட்டுரையின் பாதி விஷயம் ஏற்கெனவே தெரியும். மண்ணுக்கு மேலே வெயிலிலும் காற்றிலும் நிற்கும் பகுதி வெளிறிப்போனாலும் உறுதி குறையாமல் நிற்கும். எப்போதும் நீர் ஊறிக் கிடக்கும் ஆழத்தில் புதைந்த நுனியைப் பிடுங்கிப் பார்த்தால், அதுவும் பெரும்பாலும் கெடாமல் இருக்கும். தரைமட்டத்தை ஒட்டிய ஒரு சாண் மட்டும் விரலால் உதிர்த்துவிடலாம் என்னும் அளவுக்கு மக்கியிருக்கும். ஈரமும் காற்றும் ஒருசேரக் கிடைப்பது அந்த ஒரு சாணில்தான். அந்த ஒரு சாண் ஒரு வேலிக்கம்பில் இல்லாமல், ஐந்து மாடிச் செங்கல் வீடுகள் வரிசையாக நிற்கும் ஒரு நகர்ப்பகுதி முழுவதற்கும் அடியில் ஏற்பட்டால் என்ன ஆகும் என்பதே இங்கே விளக்கப்படும் செய்தி. எடுத்துக்காட்டாக எடுத்துக்கொள்ளும் இடம், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத் தலைநகரான பாஸ்டனில் உள்ள பேக் பே.

கடல் கழியாக இருந்த இடம்

இன்று மரங்கள் நிழல் தரும் அகலமான சாலைகளோடு, நகரின் விலையுயர்ந்த குடியிருப்புகளில் ஒன்றாக இருக்கும் பேக் பே, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சார்ல்ஸ் ஆற்றின் முகத்தில் கடலேற்றத்தின்போது மூழ்கி, வற்றத்தின்போது சேறாகத் தெரியும் கழிநிலமாக இருந்தது. அந்த ஏற்றவற்றத்தின் விசையைக் கொண்டு ஆலைகளை ஓட்டலாம் என்று எண்ணி அதன் குறுக்கே ஓர் அணையைக் கட்டினார்கள். அது 1821-இல் முடிந்தது. ஆலைத்தொழில் எதிர்பார்த்த அளவுக்கு வளரவில்லை. அணையால் நீரோட்டம் தடைபட்டு, நகரின் கழிவுநீர் வந்து தேங்கி நாறும் குட்டையாகக் கழி மாறியதுதான் மிச்சம். நாற்றத்தை ஒழிக்கவும், நெருக்கடியான நகருக்குப் புதிய மனைகளை உண்டாக்கவும் அதைத் தூர்த்துவிடுவது என்று முடிவாயிற்று. 1850-களின் இறுதியில் தொடங்கிய அந்த வேலைக்காக, ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நீடம் என்னும் ஊரின் மேடுகளை நீராவி மண்வெட்டி இயந்திரங்களால் வெட்டி, அந்தச் சரளையையும் மணலையும் ரயில் வண்டிகளில் இரவும் பகலும் கொண்டுவந்து கொட்டினார்கள். மேற்கே போகப்போக நிலம் உருவாக உருவாக வீடுகளும் எழுந்துகொண்டே வந்தன. முழுப் பகுதியும் நிரம்ப முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. பழைய அணை இடிக்கப்படவில்லை. இன்றைய பீக்கன் தெருவின் அடியில் அது புதைந்து கிடக்கிறது. அந்த அணையைப் பற்றிப் பிறகு மீண்டும் பேச வேண்டியிருக்கும்.

ஆகவே பேக் பே பகுதியில் ஒரு குழி தோண்டினால் முதலில் வருவது, கொட்டிய சரளை மண். அதன் கீழே பழைய கழியின் அடிச்சேறு, அதாவது மக்கிய தாவரப் பொருள்கள் கலந்த கரிய வண்டல். சில இடங்களில் அதற்கும் கீழே மணற்படுகை ஒன்று இருக்கும். அதன்பின் பாஸ்டன் நீலக்களி என்று பொறியாளர்கள் அழைக்கும் தடிமனான களிமண் படிவம். கொட்டிய மண்ணும் சேறும் பாரத்தைத் தாங்க மாட்டா. கனமான கட்டடத்தை அவற்றின் மேல் நேரடியாக வைத்தால் ஓரிடத்தில் அதிகமாகவும் மற்றோரிடத்தில் குறைவாகவும் அமிழ்ந்து, சுவர்கள் பிளந்துவிடும்.

19-ஆம் நூற்றாண்டின் கொத்தனார்களுக்கு இதற்குத் தெரிந்த வழி, நம் ஊர்க் கட்டடத் தொழிலில் இன்று காங்கிரீட்டில் போடும் பைல் அடித்தளத்தின் மரவடிவம். கிளை கழித்து, பட்டை நீக்கிய நெடுமரங்களைத் தலைகீழாக நிறுத்தி, உயரத்திலிருந்து விழும் இரும்புச் சம்மட்டியால் அடித்து, கொட்டிய மண்ணையும் சேற்றையும் கடந்து உறுதியான மணலையோ களியையோ எட்டும்வரை இறக்குவார்கள். பிறகு அவற்றின் தலைகளை ஒரே மட்டத்தில் அறுத்துச் சமன்செய்து, மேலே பெரிய கிரானைட் பாளங்களை அடுக்கி, அவற்றின்மேல் சுவரை எழுப்புவார்கள். காப்லி சதுக்கத்தில் 1877-இல் முடிக்கப்பட்ட டிரினிட்டி தேவாலயத்தின் அடியில் மட்டும் இப்படி ஏறத்தாழ 4,500 மரப் பைல்கள் நிற்கின்றன. அதன் கனத்த நடுக்கோபுரத்தைத் தாங்குவதற்காக நான்கு கிரானைட் பிரமிடுகளை மண்ணுக்குள் கட்டி, அவற்றைப் பைல்களின்மேல் அமர்த்தியிருக்கிறார்கள். சாதாரண வரிசை வீடுகளுக்கும் இதே முறைதான், சிறிய அளவில்.

நனைந்த மரம் ஏன் கெடுவதில்லை

மரத்தில் நடப்பட்ட அடித்தளம் 150 ஆண்டுகள் தாங்குமா என்ற ஐயம் இயல்பானது. நீருக்கடியில் அது இதைவிட நெடுங்காலம் தாங்கும். மரத்தை மக்கச் செய்பவை பெரும்பாலும் பூஞ்சைகள். அவை வாழ ஈரம் வேண்டும், ஓரளவு வெப்பம் வேண்டும், காற்றிலுள்ள ஆக்சிஜனும் வேண்டும். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அவை வளர்வதில்லை. மழை படாத கூரையின் உத்திரம் காய்ந்தே இருப்பதால் தப்பிக்கிறது. முழுவதும் நீர் நிறைந்த மண்ணுக்குள் இருக்கும் பைல், அங்கே ஆக்சிஜன் ஏறக்குறைய இல்லாததால் தப்பிக்கிறது. ஆக்சிஜன் இல்லாமலே வாழும் சில பாக்டீரியாக்கள் மரத்தை அரிக்கத்தான் செய்கின்றன என்றாலும் அவற்றின் வேலை மிக மெதுவானது. நம் கிராமங்களில் கிணறு வெட்டி முடித்ததும் அடியில் நெல்லிக்கட்டை போடும் வழக்கம் இருந்ததை நினைத்துக்கொண்டால், நீருக்குள் மரம் நிலைக்கும் என்பது நமக்கும் புதிய செய்தியன்று என்பது விளங்கும். ஆம்ஸ்டர்டாம் நகரில் 17-ஆம் நூற்றாண்டில் நகர மன்றமாகக் கட்டப்பட்டு இன்று அரண்மனையாக விளங்கும் கட்டடம் 13,659 மரப் பைல்கள் மேல் நிற்கிறது.

பேக் பே பகுதியிலேயே இதற்கு இன்னும் பழைய சான்று உண்டு. 1913-இல் பாய்ல்ஸ்டன் தெருவின் அடியில் சுரங்க ரயில் பாதைக்காகத் தோண்டியபோது, கழிச்சேற்றில் செங்குத்தாக நடப்பட்ட மெல்லிய மரக்குச்சிகள் வரிசை வரிசையாகத் தென்பட்டன. அவை அந்த மண்ணின் பூர்வகுடி மக்கள் கடலேற்றத்தோடு வரும் மீன்களை மறிப்பதற்காகக் கட்டிய பட்டிகளின் எச்சங்கள். அவற்றில் பழையவை ஏறத்தாழ 5,000 ஆண்டு வயதுடையவை என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. விரல் பருமனுள்ள குச்சியே அத்தனை காலம் நின்றிருக்கும்போது, ஈரம் மட்டும் குறையாதிருந்தால், ஓர் அடி விட்டமுள்ள பைல்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதே இல்லை.

ஈரம் குறைந்தால் கதை மாறுகிறது. நிலத்தடி நீர்மட்டம் பைலின் தலைக்குக் கீழே இறங்கியதும், மேலே வெளிப்பட்ட பகுதிக்கு மண்ணின் இடுக்குகள் வழியே காற்று வந்து சேர்கிறது; ஈரமோ முற்றிலும் போய்விடுவதில்லை. வேலிக்கம்பின் அந்த ஒரு சாண் பாதாளத்தில் உருவாகிவிடுகிறது. ஒரு கோடையில் நீர் இறங்கி மீண்டும் ஏறிவிட்டால் வீடு விழுந்துவிடாது. ஆண்டுக்கணக்கில் வெளிப்பட்டே இருந்தாலோ, அடிக்கடி இறங்கி ஏறிக்கொண்டிருந்தாலோ பைலின் தலை மென்மையாகி, மேலிருக்கும் பாரத்தில் நசுங்கத் தொடங்கும். சுவரில் படிக்கட்டு போல ஏறும் விரிசல், மூடினால் சிக்கும் கதவு, சாய்ந்த சாளரப் படி ஆகியவை வெளியே தெரியும் அறிகுறிகள். அவை தெரிவதற்குள் அடியில் சேதம் முற்றியிருக்கும். இன்னொரு பக்கவிளைவும் உண்டு: நீர் வடிந்த சேற்றுப்படிவம் தன் எடையாலேயே அமுங்கும்போது, அதனூடே நிற்கும் பைல்களையும் கீழ்நோக்கி இழுத்து அவற்றின் பாரத்தைக் கூட்டுகிறது.

பைல்களின் தலையை எந்த மட்டத்தில் அறுப்பது என்பதை அந்தக் காலத்தவர் ஏனோதானோவென்று முடிவு செய்யவில்லை. பாஸ்டனில் உயரங்களை அளக்க 'பாஸ்டன் நகர அடிமட்டம்' என்ற ஒரு தொடக்கப் புள்ளி உண்டு. கடல் வற்றி நிற்கும் மட்டத்தை ஒட்டி அது குறிக்கப்பட்டது. பேக் பே பகுதியின் பல கட்டடங்களில் பைல் தலைகள் அந்த அடிமட்டத்துக்குச் சுமார் 5 அடி உயரத்தில் அறுக்கப்பட்டன. அது ஏறக்குறைய ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவிலுள்ள கடல்மட்டம். கடலை ஒட்டிய நிலத்தில் அதற்குக் கீழே நீர் இறங்காது என்று அவர்கள் கணக்கிட்டதில் அன்றைக்குத் தவறு இல்லை. பின்னால் வந்த தலைமுறைகள் அந்த மண்ணுக்குள் எத்தனை குழாய்களையும் சுரங்கங்களையும் புகுத்தும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்திருக்க முடியாது.

யாரும் குடிக்காத நீர் எங்கே போகிறது

நிலத்தடி நீர்மட்டம் சரிகிறது என்றதும் சென்னைவாசிக்கு நினைவு வருவது ஆழ்குழாய்க் கிணறும், மோட்டாரும், தண்ணீர் லாரியும். பேக் பே நிலைமை அப்படியன்று. பாஸ்டனின் குடிநீர் மேற்கே 100 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள குவாபின் நீர்த்தேக்கத்திலிருந்து வருகிறது; கொட்டிய மண்ணிலுள்ள நீரை யாரும் குடிப்பதில்லை, குளிப்பதுமில்லை. யாரும் எடுக்காத நீர் குறைகிறது என்பதுதான் இந்தச் சிக்கலை முதலில் புரிந்துகொள்ளக் கடினமாக்குகிறது. ஒழுங்குபடுத்துவதற்கும் அதுவே தடை. எடுப்பவர் ஒருவர் இருந்தால் அவரைத் தடுக்கலாம்; இங்கே வரவும் செலவும் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கின்றன.

கொட்டிய சரளை மண்ணை, களிமண்ணால் அடிமூடிய ஒரு தொட்டியில் வைத்த பஞ்சாக எண்ணிக்கொள்ளலாம். தொட்டிக்கு வரும் நீரில் பெரும்பகுதி மழை. பாஸ்டனில் ஆண்டுக்குச் சராசரியாக 1,100 மில்லிமீட்டர் அளவுக்கு மழையும் பனியும் பெய்கின்றன, குறைவான அளவன்று. ஆனால் கூரைகளில் விழுவது குழாய் வழியே சாக்கடைக்கும், தார்ச்சாலையிலும் வண்டி நிறுத்துமிடங்களிலும் விழுவது வடிகாலுக்கும் போய்விடுகிறது. மண்ணைத் தொடும் வாய்ப்பு, மரத்தடிகளிலும் வீட்டின் பின்கட்டிலும் விழும் சொற்ப நீருக்கே கிடைக்கிறது. பக்கத்திலேயே சார்ல்ஸ் ஆறு நிறைந்து ஓடுகிறதே, அதிலிருந்து ஊறாதா என்று கேட்கலாம். 1910-இல் ஆற்றின் முகத்தில் அணை கட்டி முடிக்கப்பட்டபின் அது நிலையான மட்டமுள்ள நன்னீர்த் தேக்கமாகவே இருக்கிறது. ஆனால் இடையில், பீக்கன் தெருவின் அடியில், அந்தப் பழைய ஆலையணை சுவராகக் கிடந்து ஊற்றை மறிக்கிறது.

வரவில் இன்னொரு இனம் உண்டு. கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். பழைய குடிநீர்க் குழாய்களின் கசிவே அது. அழுத்தத்தோடு ஓடும் குடிநீர்க் குழாயில் ஓட்டை விழுந்தால் நீர் மண்ணுக்குள் பாய்கிறது. நகராட்சிக்கு நட்டம், பைல்களுக்கு ஆதாயம். குடிநீர்க் குழாய்களைச் செம்மையாகப் பழுதுபார்க்கும்போது அந்த வரவும் நின்றுபோகிறது.

செலவுப் பக்கம்தான் முக்கியமானது. கழிவுநீர்க் குழாயும் மழைநீர் வடிகாலும் அழுத்தமின்றிச் சரிவில் ஓடுபவை. பெரும்பாலும் முக்கால் பங்கு காலியாகவே இருக்கும். அத்தகைய குழாய் நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே புதைந்திருந்து, அதன் செங்கல் இணைப்புகளில் பிளவு விழுந்தால், உள்ளிருப்பது வெளியே வருவதற்குப் பதிலாக வெளியிலுள்ள நீர் உள்ளே இறங்கும். அடியில் ஓட்டைக் குழாய் பதித்த பூந்தொட்டிக்கு நேர்வதுதான் அந்தத் தெருவுக்கும் நேர்கிறது: இரவும் பகலும் ஓசையின்றி வடிந்துகொண்டே இருக்கும். சுரங்க ரயில் பாதைகளுக்குள் கசியும் நீரை இறைக்கும் பம்புகள், தாழ்வாகச் செல்லும் சாலைகளின் பம்புகள், நிலவறையை ஈரமின்றி வைத்துக்கொள்ள வீட்டுக்காரர் வைத்த சிறிய பம்பு ஆகியவையும் இதே வேலையைச் செய்கின்றன. தன் நிலவறையை உலர்வாக வைத்துக்கொள்பவர் அடுத்த வீட்டின் பைல் தலையையும் சேர்த்து உலர்த்துகிறார். அவருக்கு அது தெரியக்கூடத் தெரியாது. போதாததற்கு, நீண்ட சுரங்கங்களும் ஆழமான அடித்தளச் சுவர்களும் மண்ணுக்குள் குறுக்குச் சுவர்களாக நின்று, ஒரு பக்கம் நீரைத் தேக்கி மறுபக்கம் காயவைக்கவும் கூடும்.

இந்தச் செலவு எவ்வளவு வலியது என்பதைக் காட்ட 1929-இல் நடந்த ஒரு நிகழ்வே போதும். காப்லி சதுக்கத்தில் டிரினிட்டி தேவாலயத்துக்கு எதிரே, 1895-இல் திறக்கப்பட்ட பாஸ்டன் பொது நூலகத்தின் சுவர்களில் அந்த ஆண்டு விரிசல்கள் கண்டன. தோண்டிப் பார்த்தபோது பைல்களின் தலைகள் மக்கியிருந்தன. அவற்றை வெட்டியெடுத்து அடித்தளத்தைப் புதுப்பிக்க வேண்டியதாயிற்று. அருகே செயின்ட் ஜேம்ஸ் சாலையின் அடியில் செல்லும் கழிவுநீர்க் குழாய்க்குள் நிலத்தடி நீர் வடிந்துகொண்டிருந்தது தெரியவந்தது. அதற்குக் கண்ட வழி எளிமையானது: குழாய்க்குள்ளேயே ஒரு சிறு தடுப்பைக் கட்டி, உள்ளே நிற்கும் நீரின் மட்டத்தை உயர்த்தினார்கள். உள்மட்டமும் வெளிமட்டமும் நெருங்கி வந்ததும் நீர் உள்ளே வடிவது குறைந்து, சுற்றியுள்ள நிலத்தடி நீர் மீண்டும் ஏறியது. குற்றவாளி யார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அளப்பதிலிருந்து தொடங்குதல்

ஆனாலும் அந்தப் பாடம் நகர நினைவில் நெடுநாள் நிற்கவில்லை. 1984-இல் பேக் பே பகுதியை அடுத்து, பீக்கன் ஹில் குன்றின் தாழ்வான பகுதியிலுள்ள பிரிம்மர் தெருவில் பல வீடுகளின் பைல்கள் மக்கியிருப்பது கண்டறியப்பட்டபோதுதான் விஷயம் மீண்டும் பொதுப்பேச்சுக்கு வந்தது. அதன் விளைவாக 1986-இல் நகர மன்றம் பாஸ்டன் நிலத்தடி நீர் அறக்கட்டளையை ஏற்படுத்தியது. கட்டாயப்படுத்தும் அதிகாரம் அதற்கு இல்லை. அளப்பதும், அளந்ததை எல்லாரும் பார்க்கும்படி வெளியிடுவதும், குறைந்த இடத்தைச் சுட்டிக்காட்டி உரிய துறையை வற்புறுத்துவதுமே அதன் வேலை. அதிகாரமற்ற அமைப்பால் என்ன பயன் என்று கேட்கத் தோன்றும். என் கருத்தில், இப்பிரச்சினையில் மிகப் பெரிய குறை அறியாமையாக இருந்ததால், அளவீட்டைத் தவறாமல் செய்யும் ஓர் அமைப்பே பாதி மருந்தாக அமைந்தது.

அளக்கும் முறையில் மர்மம் ஏதும் இல்லை. நடைபாதையில் ஒரு சிறிய இரும்பு மூடி இருக்கும். அதைத் திறந்தால், பக்கங்களில் துளைகள் கொண்ட ஒரு பிளாஸ்டிக் குழாய் மண்ணுக்குள் சில மீட்டர் இறங்கியிருக்கும். சுற்றியுள்ள மண்ணில் நீர் எந்த மட்டத்தில் நிற்கிறதோ அதே மட்டத்தில் குழாய்க்குள்ளும் நிற்கும். நுனி நீரைத் தொட்டதும் ஒலி எழுப்பும் அளவுநாடாவை உள்ளே விட்டு ஆழத்தைக் குறித்துக்கொள்வார்கள். இத்தகைய கண்காணிப்புக் கிணறுகள் நகரின் தூர்த்த பகுதிகளில் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஆண்டுக்குப் பலமுறை அவை அளக்கப்படுகின்றன.

அளவைப் படிப்பது எப்படி என்று பார்க்கலாம். ஒரு தெருவின் தரை, நகர அடிமட்டத்துக்கு 17 அடி உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நாடா காட்டும் ஆழம் 11 அடி என்றால், நீர் நிற்கும் உயரம் 17-இல் 11 போக 6 அடி. பைல் தலைகள் 5 அடியில் இருந்தால், அவற்றுக்கு மேலே ஓர் அடி நீர் இருக்கிறது, கவலை இல்லை. அதே கிணறு அடுத்த ஆண்டு 13 அடி ஆழம் காட்டினால் நீர் 4 அடியில் நிற்கிறது. பைல்களின் மேல் ஓர் அடி வெளியே தெரிகிறது. ஒரே அளவீட்டை வைத்து முடிவுக்கு வரக் கூடாது. வறட்சிக்காலத்தில் எல்லாக் கிணறுகளும் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். ஒரு தெருவில் பத்துக் கிணறுகள் நன்றாக இருக்க, ஒன்று மட்டும் மழைக்குப் பிறகும் ஏறாமல் கிடந்தால், அதன் அருகே எங்கோ ஓர் ஓட்டைக் குழாய் இருக்கிறது என்று பொருள். அப்படி அடையாளம் காணப்பட்ட இடத்தில் குழாய்க்குள் கேமராவை அனுப்பிப் பிளவைக் கண்டுபிடித்து, உட்புறமாக ஒரு புதிய உறையைப் பொருத்தி அடைத்துவிடுவார்கள்.

இதில் நிர்வாகச் சிக்கல் ஒன்று நெடுங்காலம் இருந்தது. கழிவுநீர்க் குழாய் ஒரு துறையுடையது, சுரங்க ரயில் மற்றொன்றுடையது, தாழ்சாலை மாநில அரசினுடையது, கட்டட அனுமதி நகரத்தினுடையது. நீரோ எவருடையதும் அன்று. 2005-இல் நகரும் மாநிலமும் தொடர்புடைய துறைகளும் சேர்ந்து, தத்தம் கட்டமைப்புகள் நீரை இழுக்கின்றனவா என்று பார்த்துச் சரிசெய்யவும், ஒன்றுகூடிப் பேசவும் ஒப்பந்தம் செய்துகொண்டபின் இந்நிலை ஓரளவு மாறியது.

விழும் மழையை மண்ணுக்கே கொடுத்தல்

ஓட்டைகளை அடைப்பது செலவைக் குறைக்கும். வரவையும் கூட்ட வேண்டும். 2006-இல் பாஸ்டன் நகரத் திட்ட விதிகளில் 32-ஆம் பிரிவாக நிலத்தடி நீர்ப் பாதுகாப்புப் பகுதி ஒன்று சேர்க்கப்பட்டது. அந்தப் பகுதிக்குள் புதிதாகக் கட்டுபவரும், பழைய கட்டடத்தைப் பெருமளவில் மாற்றிக் கட்டுபவரும், நிலவறையை ஆழமாகத் தோண்டுபவரும், தம் மனையில் நீர் புகாத பரப்பின்மேல் விழும் மழையில் ஓர் அங்குலத்தையாவது பிடித்து மண்ணுக்குள் இறக்கும் அமைப்பை நிறுவ வேண்டும். தம் வேலையால் சுற்றியுள்ள நீர்மட்டம் குறையாது என்பதையும் காட்ட வேண்டும்.

ஓர் அங்குலம் என்பது சிறிதாகத் தோன்றலாம். 25 அடி அகலமும் 112 அடி நீளமும் உள்ள ஒரு மனையை எடுத்துக்கொண்டால் பரப்பு 2,800 சதுர அடி. அதன்மேல் முழுவதும் ஓர் அங்குல மழை நின்றால் கிடைப்பது ஏறக்குறைய 233 கன அடி, அதாவது சுமார் 6,600 லிட்டர். ஒரு சிறிய தண்ணீர் லாரி அளவு நீர், ஒரே ஒரு நல்ல மழையில். இதைப் பிடிக்க, கூரையின் வடிகுழாயைச் சாக்கடையிலிருந்து துண்டித்து, சரளை நிரப்பிய குழிக்கோ துளையிட்ட குழாய்கள் பதித்த நிலத்தடித் தொட்டிக்கோ திருப்புகிறார்கள். இலையும் குப்பையும் சேராதபடி முன்னால் ஒரு வடிகட்டி. தமிழ்நாட்டில் 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பைப் பார்த்தவர்களுக்கு இதில் விளக்க ஒன்றுமில்லை. தொட்டியும் குழியும் ஒன்றேதான். நாம் மீண்டும் இறைத்துப் பயன்படுத்துவதற்காக நீரை இறக்குகிறோம். அவர்கள் அது அங்கேயே கிடக்க வேண்டும் என்பதற்காக இறக்குகிறார்கள். பராமரிப்பு விஷயத்திலும் ஒற்றுமை உண்டு: ஆண்டுக்கொருமுறை தூர் வாராத குழி, சேறு படிந்து அடைத்துக்கொண்டு, இருந்தும் இல்லாததாகிவிடும்.

நிலவறைகளைப் பற்றிய விதி தனியே கவனிக்கத்தக்கது. நீர்மட்டத்துக்குக் கீழே ஒரு நிலவறை கட்டினால் அதை உலர்வாக வைக்க இரண்டு வழிகள் உண்டு. சுவருக்கு வெளியே வடிகால் அமைத்து, வரும் நீரையெல்லாம் பம்பினால் இறைத்துத் தள்ளுவது மலிவானது. படகின் அடிப்பாகத்தைப் போல நீர் புகாத ஒரே வார்ப்பாகத் தளத்தையும் சுவரையும் அமைப்பது செலவு மிக்கது. தூர்த்த நிலத்தில் முதல் வழி, அந்த வீட்டின் ஆயுள் முழுவதும் அக்கம்பக்கத்து நீரை இறைத்துக்கொண்டே இருப்பதற்குச் சமம்; எனவே இரண்டாவது வழியே வேண்டும்.

ஏற்கெனவே கெட்டுப்போன பைல்களை என்ன செய்வது? முதலில் நிலவறையில் சுவரை ஒட்டி ஓர் ஆய்வுக்குழி வெட்டி, இரண்டு மூன்று பைல் தலைகளைத் திறந்து, கூரிய கருவியால் குத்திப் பார்த்தும், மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பியும் நிலைமையை அறிகிறார்கள். மக்கியிருந்தால் சுவரின் அடியில் சிறு சிறு பகுதியாகக் கையால் தோண்டி, பைலின் கெட்ட தலையை நீர்மட்டத்துக்குக் கீழே நல்ல மரம் வரும்வரை அறுத்தெடுத்து, இடைவெளியில் எஃகுத் தாங்கியை நிறுத்திக் காங்கிரீட்டால் நிரப்புகிறார்கள். ஒரு பகுதி இறுகிய பிறகே அடுத்த பகுதியைத் தோண்ட முடியும் என்பதால் மாதக்கணக்கில் நீளும் வேலை. ஒரு வீட்டுக்கே லட்சக்கணக்கான டாலர் ஆகிறது. வழக்கமான வீட்டுக் காப்பீடு பொதுவாக இதற்கு ஈடு தருவதில்லை. அதோடு, வரிசை வீடுகளில் இரண்டு வீடுகளுக்கும் பொதுவான சுவர் ஒரே பைல் வரிசையின்மேல் நிற்பதால், அடுத்த வீட்டுக்காரரின் ஒப்புதலும் ஒத்துழைப்பும் இல்லாமல் பாதிச் சுவரை மட்டும் சரிசெய்ய முடிவதில்லை. ஒரு குழி வெட்டி மழைநீரை இறக்குவதற்கு ஆகும் செலவோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தால், 2006-இன் விதி ஏன் தேவைப்பட்டது என்பது விளங்கும்.

நீரை உயர்த்துவதற்கும் ஓர் எல்லை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். 19-ஆம் நூற்றாண்டில் விறகும் நிலக்கரியும் அடைத்துவைத்த நிலவறைகள் இன்று படுக்கையறைகளாகவும் அலுவலகங்களாகவும் மாறியிருக்கின்றன. நீர் மிகுதியாக ஏறினால் அவற்றின் தளம் கசியும். கடல்மட்ட உயர்வு தாழ்வான கரையோரப் பகுதிகளில் நிலத்தடி நீரையும் மேலே தள்ளும் என்பதால், இறங்குவதைப் பற்றி மட்டுமே பேசிய காலம் மெல்ல மாறிவருகிறது. ஆகவே கிணற்றை அளப்பவர் இரண்டு கோடுகளை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது: கீழே பைல்களின் தலை, மேலே நிலவறையின் தளம். பல வீடுகளில் அந்த இரண்டுக்கும் இடையே உள்ள தொலைவு சில அடிகள்தான்.